சுவான்சோவில் ஒரு வெள்ளிக்கிழமை

கேள்வி, 4 ஜனவரி 2025

சீனாவில் தமிழன் ஆண்ட நகரம் ஒன்று இருக்கிறதாம். சோழர் கட்டிய சிவன் கோயில் அங்கே இன்னும் நிற்கிறதாம். அடுத்த மாதம் குவாங்சோ போகிறோம், ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரலாமா? மனைவி சைவம். சாப்பாடு, கடைகள் பற்றியும் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஜனவரி, இரவு 11.10

தம்பி, நாலு வரியில் மூன்று தப்பு. நீங்கள் போவது குவாங்சோ, குவாங்தோங் மாகாணம். கோயில் இருந்த ஊர் சுவான்சோ, பக்கத்து ஃபூஜியான் மாகாணத்துக் கடற்கரை. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் காலையில் போய் இரவு திரும்புகிற தூரமில்லை. இரண்டாவது, அங்கே எந்தத் தமிழனும் ஆளவில்லை. வியாபாரம் செய்தான். மூன்றாவது, கோயில் நிற்கவில்லை. கோயிலின் கற்கள்தான் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. மற்றபடி ஒரு நாள் போதும், போன நவம்பரில் நானும் வீட்டுக்காரியும் போய்வந்தோம். நாளை எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

5 ஜனவரி, காலை 7.30

நாங்கள் பினாங்கு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பினாங்கில் பசாரில் மீன் வாங்கவும் கோப்பிக் கடையில் சண்டை போடவும் வேண்டிய அளவு ஹொக்கியன் பேச்சு எனக்கு வரும், சின்ன வயதிலிருந்து காதில் விழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாது, மாண்டரின் சுத்தமாகத் தெரியாது. ஹொக்கியன் என்பதே ஃபூஜியான் என்பதன் அந்த ஊர் உச்சரிப்பு. பினாங்குச் சீனர்களில் பலரின் தாத்தா கப்பல் ஏறியது சுவான்சோவும் அதன் அக்கம்பக்கமும்தான். அவர்கள் வாயில் ஊர் பெயர் ‘சுவான்சியு’. ஆக நான் போனது சோழனைத் தேடி அல்ல, உள்ளதைச் சொல்கிறேன். என் பசார் ஹொக்கியன் பிறந்த வீட்டில் செல்லுபடியாகுமா என்று பார்க்கத்தான். சிவன் கோயில் வீட்டுக்காரியின் திட்டம்.

தங்கியது பக்கத்துத் துறைமுக நகரமான சியாமெனில். அங்கிருந்து வேக ரயிலில் அரைமணி நேரச் சொச்சம். 2024 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. தேதி முக்கியம், பிறகு வருகிறேன்.

இறங்கியதும் மேற்குத் தெருவுக்கு வண்டி பிடித்தோம். பழைய ஊரின் நடுத்தெரு அது, சிவப்புச் செங்கல் வீடுகள், கூரை ஓரம் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தெருமுனையில் 1934இல் கட்டிய வெள்ளை மணிக்கூண்டு. சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிற மின்சார ஸ்கூட்டர்களைத் தவிர அந்தத் தெருவில் எனக்கு வேறு குறை இல்லை.

பசியாறியது மீ சுவா கஞ்சி. பினாங்கில் மீ சுவா என்றால் கோழி ரசத்தில் மிதக்கிற நூல் சேமியா. இங்கே அதையே குழையக் குழையக் காய்ச்சிக் கூழாக்கிவிடுகிறார்கள், நம் வீட்டில் காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற பதம். மேலே என்ன போடவேண்டும் என்று கை காட்டவேண்டும்: சிப்பி, குடல், வறுத்த பன்றி இறைச்சி, முட்டை, பொரித்த மாவுக்குச்சி. நான் கெத்தாக ‘நுய்’ என்றேன். பினாங்கில் முட்டைக்கு அதுதான். கடைக்கார ஆச்சி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ‘ங்ங்’ என்று மூக்கால் ஒரு சத்தம் போட்டுக் காட்டினார், அங்கே முட்டை அதுவாம். பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சொன்னார், அவரும் சிரித்தார். எனக்குப் புரிந்தது ‘ஹுவான்னா’ என்ற ஒரு சொல் மட்டும். பினாங்கில் மலாய்க்காரரைச் சொல்வார்கள், வெளிநாட்டான் என்று அர்த்தம், கொஞ்சம் மட்டமான சொல்தான். ஆனால் கருவாட்டு நிறத்தில் ஒருவன் வந்து பக்கத்து ஊர்க் கொச்சையில் முட்டை கேட்டால் நானும் சிரிப்பேன்.

வீட்டுக்காரி வெறும் மாவுக்குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை.

5 ஜனவரி, இரவு 9.50

காய்யுவான் கோயில். 686இல் தொடங்கிய பௌத்தக் கோயில், மேற்குத் தெருவிலேயே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் ஆலமரங்களுக்கு நடுவே ஒரு பெரிய முற்றம். இரண்டு பக்கமும் நாற்பது மீட்டருக்கு மேல் உயர்ந்த இரண்டு கல் கோபுரங்கள், 13ஆம் நூற்றாண்டு. எட்டுப் பட்டை, ஐந்து நிலை, மரவேலை மாதிரியே கல்லில் செய்திருக்கிறார்கள். மேற்குக் கோபுரத்தின் நாலாவது நிலையில் குரங்கு முகத்தோடு கையில் வாள் பிடித்த ஒரு காவலன் இருக்கிறான். அதை அனுமார் என்று சொல்கிறவர்கள் உண்டு, சீனக் கதைக் குரங்குராஜாவின் முன்னோடி என்று சொல்கிறவர்களும் உண்டு. கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டுக்காரி “அனுமார் ஏன் கோபமா இருக்கார்” என்று கேட்டாள். அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி.

தேடி வந்தது பெரிய மண்டபத்தின் தூண்கள். மண்டபத்தின் முன்னால் பதினாறு பட்டையோடு இரண்டு கருங்கல் தூண். ஒவ்வொன்றிலும் வட்டம் வட்டமாகப் புடைப்புச் சிற்பம். முதல் வட்டத்தைப் பார்த்ததுமே வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நரசிம்மர். மடியில் இரணியன், குடல் வெளியே. விளக்கப் பலகை, மொழிபெயர்ப்புச் செயலி எதுவும் தேவைப்படவில்லை. அடுத்ததில் உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மருதமரத்துக்கு நடுவே தவழ்கிற பிள்ளை. இன்னொன்றில் முதலை வாயில் யானை. சுற்றி நூறு சீனச் சுற்றுலாப் பயணிகள் கடந்துபோய்க்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் நின்று பார்க்கவில்லை, ஏன் பார்க்கவேண்டும், அவர்களுக்கு அது ஏதோ அலங்காரம். அந்தக் கூட்டத்தில் கதை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பது ஒரு விசித்திரமான உணர்ச்சி. ஓர் அந்நிய வீட்டுச் சுவரில் நம் பாட்டியின் போட்டோ தொங்குகிற மாதிரி.

ஆனால் சிவன் இல்லை. “இது பெருமாள் தூண்டி” என்றேன். அவள் முகம் வாடிவிட்டது, ஏனென்றால் அன்றைக்கு ஐப்பசிப் பௌர்ணமி. ஊரில் எல்லாச் சிவன் கோயிலிலும் அன்னாபிஷேகம். அவள் தேதி பார்த்துத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், எனக்கு அப்போதுதான் தெரியும்.

6 ஜனவரி, காலை 6.45

திருத்தம். நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். தூண்கள் மண்டபத்தின் முன்னால் இல்லை, பின்தாழ்வாரத்தில். படங்களை இப்போது எடுத்துப் பார்த்தேன். முன்னால் இருப்பது மேடையின் அடிவரிசை: மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட பலகைகள், அவையும் அதே பழைய இந்துக் கோயிலிலிருந்து வந்தவைதான். மிங் அரசர்கள் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது இடிந்து கிடந்த கற்களை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். முன்வாசலில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடாதீர்கள். சுற்றிக்கொண்டு பின்னால் போகவேண்டும்.

6 ஜனவரி, இரவு 10.20

மேலே ஒருவர், “வியாபாரிதான் என்று ஏன் மட்டம் தட்டுகிறீர்கள், ராஜேந்திர சோழனின் கடற்படை போன வழிதானே” என்று கோபப்பட்டிருக்கிறார். ஐயா, நானும் தமிழ்ப்பள்ளியில் அதே பாடம்தான் படித்தேன். ஆண்டுகளை மட்டும் பாருங்கள். சுவான்சோவில் 1956இல் கிடைத்த கல்வெட்டில் உள்ள ஆண்டு சக வருடம் 1203, அதாவது கி.பி. 1281. சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். அதற்கு இரண்டு வருடம் முன்பே கடைசிச் சோழன் மூன்றாம் ராஜேந்திரனின் கதை முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியன். சீனாவில் மங்கோலியன் குப்லாய் கான். ஆக அந்தக் கோயிலைச் சோழர் கணக்கில் எழுத முடியாது.

கல்வெட்டில் என்ன இருக்கிறது என்றால், சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்தி, செகசைகான் திருமேனிக்கு நன்றாக, திருக்கதலீசுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்று இருக்கிறது. செகசைகான் என்பது குப்லாயைத்தான் என்று பெரும்பாலும் கொள்கிறார்கள். கானின் ‘பர்மான்’படி, அதாவது ஆணைப்படி, நடந்தது என்ற பாரசீகச் சொல்லும் தமிழ் எழுத்தில் வருகிறது. அடியில் ஒரு வரி சீன எழுத்து. எனக்கு இதில் பிடித்தது அந்தத் தந்திரம்தான். ஊர் ராஜா யாரோ, அவன் உடம்பு நன்றாக இருக்கட்டும் என்று சொல்லி அனுமதி வாங்கி நம் சாமியை வைத்துக்கொள்வது. பினாங்கில் வெள்ளைக்காரன் காலத்தில் கோயிலுக்கு நிலம் வாங்கியவர்களும் இதையேதான் செய்தார்கள். ஊரை ஆள வந்தவன் இப்படி எழுதமாட்டான், பிழைக்க வந்தவன்தான் எழுதுவான்.

ஆள்பவன் பெருமையைவிட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது, நீங்கள் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

7 ஜனவரி, மதியம்

கப்பலைச் சொல்ல மறந்துவிட்டேன். காய்யுவான் கோயில் வளாகத்துக்குள்ளேயே ஒரு கூடம், உள்ளே ஒரு முழு மரக்கலம். ஹௌசு துறைமுகச் சேற்றிலிருந்து 1974இல் தோண்டியெடுத்தது, சோங் அரசர்கள் காலத்துக் கடைசி, மிச்சமிருக்கும் நீளமே இருபத்துநாலு மீட்டர். உள்ளே பதிமூன்று அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள், ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் கப்பல் மூழ்காது. சரக்கு முக்கால்வாசி வாசனைக் கட்டை, அப்புறம் மிளகு. எழுநூறு வருடம் சேற்றில் கிடந்த மிளகு. ரசத்துக்கு ஆகுமா என்று வீட்டுக்காரி கேட்கவில்லை, நான்தான் கேட்டேன்.

8 ஜனவரி, இரவு 11.30

சைவச் சாப்பாடு. இதைத்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

‘சியா சாய்’. இந்த இரண்டு சொல்லைப் பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். நேர் அர்த்தம் காய்கறி சாப்பிடுவது, ஆனால் பேச்சில் விரதச் சைவம் என்று பொருள். பினாங்கில் ஒன்பது பேரரசர் சாமித் திருவிழாவின் ஒன்பது நாள் விரதத்தில் மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் கேட்டிருப்பீர்கள். இது வயதானவர்களிடம்தான் எடுபடும். சின்னப் பிள்ளைகள் பலர் மாண்டரின்தான் பேசுகிறார்கள், என் ஹொக்கியனைக் கேட்டுவிட்டு ஒரு பெண் மரியாதையாகத் தன் பாட்டியைக் கூப்பிட்டு வந்தாள்.

எங்களுக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம். சீனக் கணக்கிலும் அது பத்தாம் மாதம் பதினைந்தாம் நாள், பௌர்ணமி. முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிற வழக்கம் அங்கே வயதானவர்களிடம் உண்டு, பத்தாம் மாதப் பதினைந்து கூடுதல் விசேஷம். நம் ஐப்பசிப் பௌர்ணமியும் அவர்கள் பௌர்ணமியும் ஒன்றுதானே, நிலா ஒன்றுதான். ஆனால் அங்கே நிற்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. கோயில் பக்கத்துச் சைவக் கடையில் தட்டை நீட்டினால் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்: காளான், தோஃபு, மூங்கில் குருத்து, மொறுமொறுவென்று ஏதோ ஒரு கீரை. அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு கிண்ணம் வெள்ளைச் சோற்றை எடுத்து நடுவில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “இன்னைக்கு சிவனுக்கே சோறுதான்” என்றாள். சோறு கண்ட இடம் சொர்க்கம் என்கிற பழமொழியே அன்னாபிஷேகத்தைச் சொன்னது என்று அவள் அம்மா சொல்வாராம். எனக்கு அதுவரை அது சாப்பாட்டு ராமன்களைச் சொன்ன பழமொழி.

முன்னெச்சரிக்கை ஒன்று. சைவக் கடை அல்லாத இடத்தில் ‘இறைச்சி இல்லை’ என்று சொன்னால் போதாது. மீ சுவா கஞ்சியின் கொதிநீரே எலும்பும் கடல் சரக்கும் போட்டதுதான்.

அசைவக்காரர்களுக்கு வேகமாக: இஞ்சி வாத்து, மண்சட்டியில், இஞ்சி மட்டுமே அரைக்கிலோ இருக்கும் போல. சிப்பி முட்டைப் பொரியல், நம்மூர் ஓ சியான்தான், ஆனால் முட்டை குறைச்சல், சிப்பி ஜாஸ்தி. மாட்டிறைச்சி ரசம், நான் தொடுவதில்லை. பொப்பியாவுக்கு (காய் வைத்துச் சுருட்டிய மெல்லிய அப்பம்) அங்கே வேறு பெயர், உள்ளே கடற்பாசிப் பொடி தூவுகிறார்கள், பினாங்குப் பொப்பியாவே மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெருவில் ‘பான் சியான் குவே’ சுடுகிற அதே வட்ட இரும்பு, அதே வேர்க்கடலை, அதே சர்க்கரை. அதைப் பார்த்ததும்தான் வீடு ஞாபகம் வந்தது.

9 ஜனவரி

தூமென் தெருவில், சீனர்களின் போர்த் தெய்வம் குவான் யூவுக்கு ஒரு கோயில். பௌர்ணமியானதால் ஊதுபத்திப் புகையில் கண் எரிந்தது. கீழே விழுகிற பிறைக்கட்டைகளின் சத்தம் இடைவிடாமல் கேட்கிறது. இரண்டு கட்டையைப் போட்டு ஒன்று மல்லாந்து, ஒன்று கவிழ்ந்தால் சாமி சரி என்று அர்த்தம். பூப்போட்டுக் கேட்பது மாதிரி. பக்கத்துக்கட்டடமே பள்ளிவாசல், நடந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகாது. 1009இல் கட்டியது, உயர்ந்த கல் வாசல், தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை, சுவர் மட்டும் நிற்கிறது, உள்ளே புல். இந்தப் பக்கம் புகை, அந்தப் பக்கம் அமைதி. பினாங்கில் ஒரே தெருவில் கருணைத் தெய்வம் குவான் யின் கோயிலும் மாரியம்மனுக்குப் போகிற வழியும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் இருப்பதை யாராவது ஆச்சரியமாகப் படம் எடுத்தால் எனக்குச் சிரிப்பு வரும். இங்கே நானே படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊரே எப்போதும் இப்படி ஒற்றுமையாக இருந்தது என்று யாரும் கதை கட்டவேண்டாம். 1357 முதல் பத்து வருடம் அங்கே பாரசீகப் படைக்காரர்களின் கலகம், கடைசியில் வெளிநாட்டவர் பலரைக் கொன்றார்கள். கோயில் கற்கள் சிதறியதன் பின்னால் அப்படிப்பட்ட காலமும் இருக்கிறது.

10 ஜனவரி

பேரம் பற்றி. காசுக்கு அங்கேயும் ‘லுய்’தான்! பினாங்கில் ‘போ லுய்’ என்றால் காசில்லை. நான் பாதி விலை கேட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்து ‘போ லுய்’ என்றதும் பீங்கான் கடைக்காரர் தன் கையையும் விரித்து அதையே திருப்பிச் சொன்னார். பேரம் அங்கேயே முடிந்தது, முழு விலை. சோப்புக்கும் அங்கே ‘சப் புன்’, மலாய் சபூன்தான். தென்கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள் பெட்டியோடு சொல்லையும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

வாங்கியது: தெஹுவா வெள்ளைப் பீங்கானில் ஒரு சின்னக் குவான் யின், ஒரு தேநீர்க் குடுவை. தெஹுவா சுவான்சோவுக்கு உட்பட்ட மலைப்பகுதி, பால் வெள்ளைக்குப் பேர்போனது. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும். ஆன்சி மலையின் தியே குவான் யின் தேயிலையும் சுவான்சோ மாவட்டம்தான், ஏழெட்டு கிராம் பொட்டலங்களாகக் காற்றை உறிஞ்சி அடைத்து விற்கிறார்கள். பச்சையாக வாசனை வருவது ஒன்று, நன்றாக வறுத்தது ஒன்று. கடைக்காரர் பச்சையைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார். பினாங்குக் கிழவர்கள் குடிப்பது வறுத்தது, நானும் அதையே வாங்கினேன். ஆறு முறை வெந்நீர் ஊற்றினாலும் சாறு விடுகிறது. உட்கார வைத்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், எழுந்திருக்கவே விடவில்லை, அதுதான் அவர்கள் வியாபாரம். கயிற்றுப் பொம்மை ஒன்றின் மேல் ஆசை, விலையைக் கேட்டதும் ஆசை போய்விட்டது. கடைசிக் கணக்கு: குடுவை மூடியின் விளிம்பு பெட்டிக்குள் நசுங்கி உடைந்தது. துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம்.

பணம் செலுத்த எங்கள் மலேசியக் கைப்பேசிச் செயலி டச் என் கோ போதும், சீனர்களின் பணச்செயலியான அலிபேயின் குறியீட்டில் வேலை செய்தது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் அலிபேயில் வங்கி அட்டையை இணைத்துக்கொள்ளுங்கள், 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் செலுத்தினால் 3 விழுக்காடு பிடிப்பார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், எங்களுக்கு வேண்டாம், அதற்கு என்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

11 ஜனவரி, இரவு 12.15

ஒரு வாக்குமூலம். வீட்டுக்காரி இங்கே படிக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில்.

சாயங்காலம் தெருவோரம் ஒரு வண்டியில் சின்னச் சின்னக் கிண்ணத்தில் பாகு மாதிரி எதையோ உறையவைத்து விற்றார்கள். பெயர் ‘தோ சுன் தாங்’. சுன் என்றால் மூங்கில் குருத்து, இது பினாங்குக் குழந்தைக்கும் தெரியும். தோ, மண். தாங், உறைந்தது. மொழிபெயர்ப்புச் செயலியும் அதையே சொன்னது: மண் மூங்கில் குருத்து ஜெல்லி. நான் அவளிடம், “சாப்பிடு, சுத்த சைவம்” என்றேன். விற்ற ஆச்சியிடம் சுன் என்றால் எங்கள் ஊரில் எப்படிச் சமைப்போம் என்று விளக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன், அவரும் தலையாட்டினார். மேலே பூண்டு, காடி, கடுகுச் சாந்து எல்லாம் ஊற்றியிருந்ததாலும் இருட்டிவிட்டதாலும் உள்ளே என்ன என்று தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் துண்டு துண்டாக ஏதோ. நறுக்கென்று நன்றாகத்தான் இருந்தது. இரண்டு கிண்ணமும் காலி.

பினாங்கு வந்து மூன்றாம் நாள் கோப்பிக் கடை அப்பெக்கிடம், அதாவது சீனப் பெரியவரிடம், பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அது கடற்கரைச் சேற்றில் வாழ்கிற புழு. சேற்றைப் பிதுக்கிவிட்டு வேகவைத்தால் புழுவின் பசையே உறைந்துகொள்ளும். வடிவத்துக்குத்தான் மூங்கில் குருத்து என்று செல்லப்பெயர்.

வெள்ளிக்கிழமை. பௌர்ணமி. அன்னாபிஷேகம். அவளுக்கு இன்னும் தெரியாது.

சைவக்காரர்களுக்கு அங்கே வேறொரு ஜெல்லி இருக்கிறது, கடற்பாசியில் செய்தது, தேன் ஊற்றிக் கொடுப்பார்கள். அது நல்லது. பெயர் ‘சியோ ஹுவே’ என்று தொடங்கும். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

12 ஜனவரி

சுன்பு மீனவக் கிராமம். ஊருக்கு வெளியே, வண்டியில் கால்மணி நேரத்துக்கு மேல். அங்கே பெண்கள் பூ வைத்துக்கொள்வதைப் பார்க்கவேண்டும். பின்னால் உருண்டைக் கொண்டை, குறுக்கே ஒரு நீள ஊசி, சுற்றி வளையம் வளையமாக மொட்டுச்சரம், அதைச் சுற்றி இன்னொரு நிறம், இன்னொரு நிறம். தலையிலேயே தோட்டம். சில வருடமாக இது சீனா முழுக்கப் பிரபலமாகி, சந்துக்குச் சந்து பூச்சூட்டிப் படம் எடுக்கிற கடைகள். முக்கால்வாசி பிளாஸ்டிக் பூ. வீட்டுக்காரி பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். பினாங்குக் குயின் தெருப் பூக்கடையில் முழம் போட்டுப் பேரம் பேசுகிறவளிடம் பிளாஸ்டிக் செல்லாது.

சிப்பி ஓடுகளை அடுக்கிக் கட்டிய சுவர் ஒன்றின் அடியில் ஒரு பாட்டி உட்கார்ந்து நிஜப் பூவை ஊசியில் கோத்துக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் குந்தி, நூலை வாங்கி, நாம் கட்டுகிற மாதிரி விரலில் சுற்றி இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போட்டுக் காட்டினாள். பாட்டி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி செய் என்று சைகை. மூன்றாவது தடவை அவரே செய்தார், சரியாக வரவில்லை, இவள் விரலைப் பிடித்துத் திருத்தினாள். நான் ஹொக்கியனில் மொழிபெயர்க்க வாயெடுத்தேன், இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவே இல்லை. கடைசியில் பாட்டி இவள் பின்னலைக் கலைத்துக் கொண்டையாக்கிப் பூவைச் சுற்றிவிட்டு ‘சுய்’ என்றார். அழகு. காசு வாங்கிக்கொண்டார், ஐம்பது யுவான், அதில் தள்ளுபடி இல்லை.

அந்தத் தலையோடுதான் கடல்வழி அருங்காட்சியகத்துக்குப் போனோம், மூடுகிற நேரம். (வரிசை மாறி எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஜெல்லி இதற்கப்புறம்.) அங்கே ஒரு பலகைக் கல்லில் லிங்கம், பக்கத்தில் தும்பிக்கையில் பூ ஏந்திய யானை. திருவானைக்காக் கதை. அன்று அவள் பார்த்த ஒரே சிவன். கண்ணாடிக்கும் நமக்கும் இடையே நின்று கும்பிட்டாள். காவலுக்கு இருந்த அம்மாள் இவள் தலைப்பூவைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மணி ஆகிவிட்டது என்று சொல்ல வந்தவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

13 ஜனவரி

இலுப்பையூர்க்காரர் ஒருவர் கேட்டது: சுவான்சோவுக்கு ஜைத்தூன் என்ற பழைய பெயர் எப்படி வந்தது? அரபியில் ஜைத்தூன் ஒலிவம். ஆனால் அங்கே ஒலிவமே இல்லை என்று அந்தக் காலத்து ஊர்சுற்றி இப்னு பதூதாவே எழுதிவைத்திருக்கிறார். ஊரைச் சுற்றி நட்டிருந்த ‘சித்தோங்’ மரத்தின் பெயர்தான் அப்படித் திரிந்தது என்கிறார்கள். சித்தோங் வேறெதுவும் இல்லை, நம் கல்யாண முருங்கை. இன்றும் நகரத்தின் பூ அதுதான். நவம்பரில் பூ இல்லை, இலை மட்டும். வீட்டுக்காரி இலையைத் தடவிப் பார்த்து “அடை சுடலாம்” என்றாள்.

பார்க்காமல் விட்டது: 11ஆம் நூற்றாண்டு லோயாங் பாலம், அடிக்கற்களைப் பிடித்துவைக்கச் சிப்பி வளர்த்த பாலம். ஊருக்கு வெளியே மலையடியில் உட்கார்ந்திருக்கிற, சீன ஞானி லாவோ சேயின் பெரிய சிலை. இரண்டு நாள் ஒதுக்குங்கள் தம்பி. நான் முதல் நாள் ஒரு நாள் போதும் என்றதைத் திரும்பப் பெறுகிறேன்.

16 ஜனவரி, காலை 8.00

படித்துவிட்டாள். பொங்கலுக்கு வந்த மச்சினன் மகன் கைப்பேசியை உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறான்.

நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். அவள் பொங்கல் பானையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “அந்த ஆச்சிகிட்ட நீங்க மூங்கில் குருத்து பாடம் நடத்திக்கிட்டிருந்தீங்களே, அப்பவே வண்டிக்குப் பின்னாடி வாளியில நெளியறதைப் பார்த்துட்டேன். என் கிண்ணத்தை உங்க பக்கம் தள்ளினேன். பேச்சு மும்முரத்துல அதையும் சேர்த்து முழுங்கினீங்க.”